துப்பாக்கியின் நெற்றி

பொய் சொல்லும் கருவிகளைக் கண்டுபிடிப்பதுதான் லோகநாயகியின் வேலை. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வளாகத்தில், அழுத்தமானிகளையும் வெப்பமானிகளையும் சரிபார்க்கும் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கிறாள். மானியின் முள் நூறு என்று காட்டினால் அது உண்மையிலேயே நூறா, தொண்ணூற்றேழா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிவிடுவாள்: "கணக்கு உதைச்சா மொதல்ல கருவியப் பாரு. ஆளை அப்புறம் திட்டலாம்."

நாற்பத்திரண்டு வயது வரை அவள் துப்பாக்கியைத் தொட்டதில்லை. முதன்முதலில் தொட்டது மாமல்லபுரம் கடற்கரையில், பலூன் சுடும் கடையில். அணுபுரத்துக் குடியிருப்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் போகிறதற்கு வேறென்ன இடம் இருக்கிறது? கணவன் பரணிதரன் பத்துக் குண்டு வாங்கிச் சுட்டான். ஒரு பலூன் உடைந்தது, அதுவும் அவன் குறிவைக்காத பலூன். "கன்னே சரியில்ல" என்று துப்பாக்கியைக் கடைக்காரியிடம் திருப்பிக் கொடுத்தான். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் சஹானா, "மா, நீ ஒரு வாட்டி சுடேன்" என்று அம்மாவைத் தள்ளிவிட்டாள்.

லோகநாயகி முதல் மூன்று குண்டும் ஒரே சிவப்புப் பலூனைப் பார்த்துச் சுட்டாள். மூன்றும் அதற்கு இடப்பக்கம், நாலு விரற்கடை தள்ளி, பலகையில் போய்க் குத்தின. அவள் பலூனைப் பார்க்கவில்லை, பலகையில் விழுந்த மூன்று புள்ளிகளைப் பார்த்தாள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டியிருந்தன. நான்காவது குண்டுக்கு வலப்பக்கம் நாலு விரற்கடை தள்ளிக் குறிவைத்தாள். பலூன் வெடித்தது. ஐந்தாவதும் வெடித்தது. பத்தில் முதல் மூன்று போக, ஏழு குண்டுக்கும் ஏழு பலூன்.

கடைக்காரி பர்வதம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் இவள் வயதுதான் இருக்கும்.

"இன்னாக்கா, போலீசுல கீறியா?"

"இல்லங்க. மீட்டர் சரிபாக்கற வேலை."

"கரண்டு மீட்டரா?"

"அந்த மாதிரிதான்."

"பேஜாரா பூட்ச்சு. என் கன்னு இடப்பக்கம் இழுக்கும்னு எனுக்கே ரெண்டு வருசம் கழிச்சித்தான் தெரிஞ்சிது. செங்கல்பட்டுல ரைபிள் கிளப்பு கீதாம். அங்க போயி சுடு தாயீ. இங்க வந்து என் பலூனு உசுர வாங்காத."

கேலியாகச் சொன்னதுதான். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே சஹானா கைபேசியில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில், வெட்டி முடித்துக் கைவிட்ட ஒரு கல்குவாரிக்குள் அந்தக் கிளப் இருந்தது. மூன்று பக்கமும் பாறைச் சுவர். எதிரே ஐம்பது மீட்டரில் மண்மேடு. இந்தப் பக்கம் தகரக் கூரை, சுடுகிறவர்கள் படுக்கப் பத்துப் பாய்.

அடையாளச் சான்று, போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்றிதழ் என்று எல்லாம் கொடுத்து உறுப்பினர் அட்டை கைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று. வந்த பிறகும் இரண்டு மாதம் அவள் கண்ணில் ஒரு குண்டைக்கூடக் காட்டவில்லை. கிளப் செயலாளர் ஜானகிராமன் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்டிப்பானவர். குண்டில்லாத ரைஃபிளைக் கொடுத்து, குழலின் நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, "விசையை அழுத்துங்க. நாணயம் விழக்கூடாது" என்றார். நாணயம் விழுந்தது. இருநூறு முறை விழுந்திருக்கும். ஒருநாள் விழவில்லை. அதன்பிறகு காற்றுத் துப்பாக்கி. அதில் தேறிய பிறகுதான் பாயிண்ட் டூ டூ ரைஃபிள்.

அந்த ரைஃபிளின் தோட்டா ஒரு விரல் கணுவைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். அதன் அடிப்பாகத்தின் விளிம்பில் ஊசி அடித்தால் வெடிக்கும். சத்தமும் பெரிதில்லை, காய்ந்த குச்சியை முறித்தாற்போல. தோளில் உதையும் கிடையாது. ஆனால் ஐம்பது மீட்டருக்கு அப்பால், ஐந்து ரூபாய் நாணயத்தின் பாதி அகலமே உள்ள நடுவட்டத்தில் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாயில் குப்புறப் படுத்து, வார்ப்பட்டையை மேற்கையில் இறுக்கிக் கட்டி, பின்பக்கம் இருக்கும் வட்டத் தகட்டின் ஊசித்துளை வழியாகப் பார்க்க வேண்டும். அந்தத் துளைக்குள், முன்னால் இருக்கும் வளையம். அந்த வளையத்துக்குள் கறுப்பு வட்டம். நெஞ்சு துடிக்கும்போதெல்லாம் அந்தக் கறுப்பு வட்டமும் துடிப்பதை முதல் நாள் பார்த்து அவள் அசந்துபோனாள். இரண்டு துடிப்புக்கு நடுவில் இருக்கும் சந்தில் விசையை அழுத்தப் பழக வேண்டியிருந்தது.

அவளுக்கு அது பிடித்துவிட்டது. காதில் அடைப்பான் வைத்துப் படுத்தால், "லோகு, என் பர்ஸ் எங்க?", "மா, என் ரெக்கார்டு நோட்டு எங்க?" எதுவும் கேட்காது. வாரம் முழுக்க ஊருக்கும் உறவுக்கும் ஓடிய பெண்ணுக்கு ஞாயிறு காலை மூன்று மணி நேரம், தன் மூச்சைத் தானே கேட்டுக்கொண்டு படுத்திருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கிளப்பில் அவளுக்குக் கொடுத்தது மூன்றாம் நம்பர் ரைஃபிள். பழையது, ஆனால் நல்லது. அதைப் பகிர்ந்துகொண்டிருந்த இன்னொரு உறுப்பினர் ஜாய்ஸ் பிரசவத்துக்குப் போய்விட்டதால் லோகநாயகி ஒருத்திதான் அதில் சுட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கிளப்பில் ஒரு கட்டுப்பாடு. பின் சைட்டை, அதாவது அந்த ஊசித்துளைத் தகட்டை, நகர்த்தும் குமிழ்களைப் புதியவர்கள் தொடக்கூடாது. ஜானகிராமன் மட்டும்தான் திருகுவார். "கை செய்யற தப்பை குமிழைத் திருகி மறைக்கக் கூடாது" என்பார். அதிலும் ஒரு நியாயம் இருந்தது.

புரட்டாசியில் அறுபது குண்டுக்கு அவள் எடுத்தது அறுநூறுக்கு ஐந்நூற்று ஐம்பத்தொன்று. ஐந்நூற்று நாற்பது எடுத்தால் மாநிலப் போட்டிக்கு அனுப்புவது கிளப்பின் வழக்கம். ஆனால் அதை ஐப்பசியில் நடக்கும் கடைசித் தேர்விலும் எடுத்துக் காட்ட வேண்டும். கரும்பலகையில் அவள் பெயரும் 551-ம் ஏறியது. பெண்கள் வரிசையில் அவள் பெயர் மட்டும்தான். "இந்தக் கிளப் ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆச்சு. லேடீஸ் யாரும் ஸ்டேட்டுக்குப் போனதில்ல மேடம்" என்றார் ஜானகிராமன். அன்றிலிருந்து லோகநாயகிக்கு அந்த மாநிலப் போட்டியைத் தவிர வேறு கனவு வரவில்லை. படிப்பிலும் சரி, வேலையிலும் சரி, தனக்காகவே தேடிக்கொண்ட ஒன்று என்று அவள் வாழ்க்கையில் அதுவரை எதுவும் இருந்ததில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

நீளமான மேசையில் வெள்ளைத் துணி விரித்து எல்லா ரைஃபிள்களையும் அடுக்கினார்கள். கிளப்பில் குறியட்டை மாற்றுவது, கொடி ஏற்றுவது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் உப்பிலி என்ற ஊழியரின் வேலை. ஐம்பது வயது, திருக்கழுக்குன்றத்துக்காரர். குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் கரைத்து வைத்திருந்தார். பொரிகடலை, சுண்டல், வாழைப்பழம் எல்லாம் தயார். கற்பூரம் ஏற்றுவதற்கு முன் ஜானகிராமன் யார் முகத்தையும் பார்க்காமல் தொண்டையைச் செருமினார்.

"லேடீஸ் யாராவது… வீட்டுக்குத் தூரமா இருந்தா… கொஞ்சம் தள்ளி நின்னுக்கலாம்."

அங்கே நின்ற பெண்கள் ஆறு பேர். இருவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார்கள். லோகநாயகிக்கு அன்று மூன்றாம் நாள். அவள் அசையவில்லை. உடம்பில் ஓடும் இரத்தத்தைக் கேட்டுக்கொண்டா எஃகு துருப்பிடிக்கிறது? காலையில் ரைஃபிள்களை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கியதே அவள்தான். சுண்டலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு சுட்டாள். நானூற்றுத் தொண்ணூற்றாறு.

குண்டுகள் எல்லாம் நடுவட்டத்துக்குக் கீழே, இடப்பக்கமாகப் போயிருந்தன. ஜானகிராமன் அட்டையைப் பார்த்து, "விசையைப் பிடுங்கறீங்க. பிடுங்கினா இப்படித்தான் கீழ இடதுல போகும்" என்றார். அப்படியே இருக்கும் என்று அவளும் நம்பினாள். வாரம் முழுக்க வீட்டில் பூரிக்கட்டையைப் பிடித்துப் படுத்து விரலைப் பழக்கினாள். அதற்கடுத்த ஞாயிறு நானூற்று எண்பத்தொன்பது.

"சார், சைட் ஏதாச்சும்…" என்று ஆரம்பித்தாள்.

"பூஜைக்கு மொத நாள் நானே சுட்டு செட் பண்ணி வெச்சது மேடம். துப்பாக்கியில தப்பில்ல."

அத்தோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். மூச்சு தப்பா? வார்ப்பட்டையின் இறுக்கம் தப்பா? துளைக்குள் பார்த்தால் வெளிச்சம் சற்று மங்கல். மழைக்காலம், மேகமூட்டம். இல்லை, கண்ணாகவும் இருக்கலாம். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வராமல் இருக்குமா?

கேளம்பாக்கத்தில் நிலம் வாங்கி விற்கும் லட்சுமணன் கிளப்பின் பழைய உறுப்பினர். சொந்த ரைஃபிள் வைத்திருப்பவர். அவர் ஒருநாள் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சிஸ்டர் மாதிரி நெனச்சிக் கேக்கறேன். பூஜை அன்னைக்கு நீங்க… சுத்தமாத்தான் இருந்தீங்களா?"

"குளிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாள் லோகநாயகி.

"அதில்ல மேடம். நாலு பேரு பேசிக்கிறாங்க. அந்த ரைபிளையே நீங்கதான் எடுத்து வெச்சீங்களாம். ஆயுதம்னா அதுல சாமி இருக்குது இல்ல? ஒரு பரிகாரம் பண்ணிட்டா…"

"உங்க ரைஃபிளையும் நான்தான் எடுத்து வெச்சேன். உங்களுக்கு மட்டும் எப்படி ஐந்நூத்தி எழுபது வருது?"

லட்சுமணன் டீயைக் குடித்து முடிக்காமலே எழுந்து போனார்.

பதில் சூடாகத்தான் கொடுத்தாள். ஆனால் அன்று குளிக்கும்போது, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நொடியில், "ஒருவேளை அப்படியும் இருக்குமோ?" என்று ஓர் எண்ணம் குறுக்கே ஓடியது. குவளை கையில் அப்படியே நின்றது. பதினெட்டு வருடம் கருவிகளோடு குடித்தனம் செய்தவள். வீட்டில் ராகுகாலம் பார்க்காதவள். அந்த மூன்று நாளும் சமையலறைக்குள் தாராளமாகப் போய் வருகிறவள். மகளுக்கு முதன்முதலில் வந்தபோது உறவினர்கள் வந்து ஓலை கட்டி மூலையில் உட்கார வைக்கப் பார்த்தபோது, அத்தனை பேரையும் வாசலோடு அனுப்பியவள். அவளுக்குள்ளேயே அந்த எண்ணம் எங்கே ஒளிந்திருந்தது? ஆயிரம் வருடமாக ஓதி ஓதி ஊட்டிய விஷம், பலவீனமான நேரம் பார்த்துத்தான் தலைதூக்கும். 489 என்ற எண்ணைவிட அந்த ஒரு நொடிதான் அவளை அதிகம் அவமானப்படுத்தியது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ஐந்நூற்றொன்று. ஜானகிராமன் கரும்பலகையில் 551-ஐ அழித்துவிட்டு 501 என்று எழுதினார். "அடுத்த ஞாயித்துக்கெழமை கடைசித் தேர்வு. பாருங்க. முடியலன்னா அடுத்த வருஷம். வயசு ஒண்ணும் போயிடல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அடுத்த வருடம் ஜாய்ஸ் திரும்பி வந்துவிடுவாள், சஹானாவுக்குப் பதினொன்றாம் வகுப்பு, மாமனாருக்கு முழங்கால் அறுவை. தனக்கென்று இந்த மாதிரி ஒரு வருடம் இனி வாய்க்காது என்று லோகநாயகிக்குத் தெரியும். அன்று வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தேர்வுக்கு முதல் நாள், சனிக்கிழமை, பரணிதரன் அவளைக் கேளம்பாக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனான். அங்கே இருந்த கண் பரிசோதகர் எல்லா எழுத்தையும் படிக்கச் சொல்லிவிட்டு, "தூரப் பார்வை பிரமாதமா இருக்கு. பேப்பர் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கங்க" என்றார். நல்ல செய்திதான். ஆனால் அவளுக்குக் கடைசிக் கிளையும் முறிந்தாற்போல இருந்தது. கண்ணிலும் தப்பில்லை என்றால் அவளிடம்தான் தப்பு.

கோவளம் வழியாகக் கடலோரச் சாலையில் திரும்பும்போது மாமல்லபுரத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினான் பரணிதரன். பர்வதத்தின் பலூன் கடை அங்கேயேதான் இருந்தது. மழை விட்ட மாலை, கூட்டமில்லை.

"வாக்கா மீட்டரு! இன்னா மூஞ்சி வாடிப் பூட்டுக் கீது?"

லோகநாயகி சொன்னாள். பர்வதம் பலூனை ஊதிக்கொண்டே கேட்டாள். ஊதி முடித்து முடிச்சுப் போட்டாள்.

"கன்னு மாத்திப் பாத்தியா?"

"அது நல்ல கன்னு. எங்க சார் செட் பண்ணது."

பர்வதம் சிரித்தாள். "பத்து வருசமா இந்தக் கடைய வெச்சிகினு கீறேன். ஆம்பள சுட்டு பலூனு உடையலன்னா, 'இன்னா டுபாக்கூர் கன்னு வெச்சிகினு கீற'ன்னு என்னியத் திட்டுவான்…" பரணிதரனைப் பார்த்தாள். "அண்ணாத்தைய சொல்லல. பொதுவா சொல்றேன்."

"என்னையும் சொல்லுங்க, பரவாயில்ல" என்றான் பரணிதரன்.

"பொம்பள சுட்டு உடையலன்னா, 'எனுக்கு வராதுக்கா'ன்னு சிரிச்சிகினே கன்ன வெச்சிட்டுப் பூடும். ரெண்டு பேரு கையிலயும் அதே கன்னுதான். நீ ஒருத்திதான் மூணே குண்டுல என் கன்னு இன்னா பண்ணுதுன்னு கண்டுபுடிச்ச. உனுக்கு இன்னாக்கா ஆச்சு இப்போ?"

லோகநாயகி டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

இந்த மூன்று வாரத்தில் அவள் தன் விரலைச் சந்தேகப்பட்டாள், மூச்சைச் சந்தேகப்பட்டாள், கண்ணைச் சந்தேகப்பட்டாள். குளியலறையில் ஒரு நொடி தன் இரத்தத்தையே சந்தேகப்பட்டாள். கருவியை மட்டும் தொடவில்லை. பதினெட்டு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்! கடற்கரைக் கடையின் காற்றுத் துப்பாக்கியை மூன்றே குண்டில் சந்தேகப்பட்டவளுக்கு, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, ராணுவத்துக்காரர் கையால் கொடுத்த ரைஃபிளைச் சந்தேகப்படத் துணிவு வரவில்லை. பூஜை செய்த பொருளில் குற்றம் இருக்க முடியாது. அப்படியானால் குற்றம் வேறெங்கே இருக்கும்? பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாளே, அவளிடம்தான்.

அட்டைகள் எல்லாம் அவள் கைப்பையில்தான் இருந்தன. எடுத்துப் பலூன் கடை மேசைமேல் விரித்தாள். மூன்று வாரக் குண்டுகளும் கீழே இடப்பக்கம். சிதறவே இல்லை. ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொண்டு, புரட்டாசியில் நடுவட்டத்தில் எப்படி இருந்தனவோ அதே நெருக்கம். விசையைப் பிடுங்குகிறவள் ஒரே அளவில், ஒரே பக்கம், நூற்றெண்பது முறையா பிடுங்குவாள்?

"ஏங்க, போலாம்" என்றாள். "காலையில சீக்கிரம் போகணும்."

ஞாயிற்றுக்கிழமை தூறல். உப்பிலி சிவப்புக் கொடி ஏற்றுவதற்கு முன்பே லோகநாயகி குவாரிக்குப் போய்விட்டாள். ஜானகிராமன் பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், மூணாம் நம்பரைச் சோதிக்கணும்."

"தேர்வன்னைக்குத் துப்பாக்கிய நோண்டக் கூடாது மேடம்."

"நோண்ட வேணாம் சார். நீங்க அதுல அஞ்சு குண்டு சுடுங்க. அது போதும்."

அவருக்குச் சுருக்கென்றது. அதற்குள் வந்துவிட்ட லட்சுமணனும் இன்னும் நாலைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராணுவத்தில் பதக்கம் வாங்கிய மனுஷன், பின்வாங்க முடியுமா? சட்டைக்கையை மடித்துக்கொண்டு பாயில் படுத்தார். அறுபத்து நாலு வயதிலும் மலைப்பாம்பு போல அசையாமல் கிடந்தார். ஐந்து முறை குச்சி முறியும் சத்தம். உப்பிலி ஓடிப்போய் அட்டையைக் கொண்டுவந்தார்.

ஐந்தும் எட்டு. ஐந்தும் கீழே, இடப்பக்கம்.

உப்பிலி அட்டையைப் பார்த்தார், ஜானகிராமனைப் பார்த்தார். ஒரு சூதுவாதும் இல்லாமல் கேட்டார்:

"அப்ப சாரு… உங்களுக்குமா அன்னிக்கு வீட்டுக்குத் தூரம்?"

முதலில் சிரித்தது வேப்பமரத்தடிக்குப் போன இரண்டு பெண்களில் ஒருத்தி. அப்புறம் குவாரியே சிரித்தது, பாறைச் சுவரில் பட்டு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. லட்சுமணன் தன் ரைஃபிளைத் துடைக்க ஆரம்பித்தார். ஜானகிராமனின் காது மடல் சிவந்தது. சைட் குமிழை நோக்கிக் கை நீட்டினார்.

"நகந்திருக்கு போல. ரெண்டு திருகு…"

"திருகாதீங்க சார்" என்றாள் லோகநாயகி. அது வேலையிடத்துக் குரல். "தப்பு எங்கன்னு தெரியாம திருகினா தப்பு உள்ளேயே இருக்கும். பாதியில அது விலகிடுச்சுன்னா குண்டு அந்தப் பக்கம் போகும். மொதல்ல கழட்டிப் பாக்கலாம்."

கண்ணருகே இருக்கும் அந்த வட்டத் தகட்டை மெல்லத் திருகிக் கழற்றினாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். நடுவில் வட்டமாக இருக்க வேண்டிய ஊசித்துளை, தேய்பிறை போல இருந்தது. வலப்பக்க மேல்பாதியில் என்னவோ காய்ந்து அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

சந்தனம்.

எல்லாம் தெளிவாகிவிட்டது. துளையின் மேல்வலது மூடிக்கொண்டால் பார்வை கீழே இடப்பக்கம் ஒதுங்கும். பார்வை ஒதுங்கினால் குண்டும் ஒதுங்கும். தகட்டை ஜானகிராமன் கையில் கொடுத்தாள். அவரும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"உப்பிலி."

உப்பிலிக்கு முகம் வெளுத்தது. "சாரு, எல்லாக் கன்னுக்கும் குழாயி மேல வெச்சேன், கட்டை மேல வெச்சேன். இந்தக் கன்னுக்கு மட்டும்… நெத்தி எதுன்னு பாத்தேன் சாரு. வட்டமா, மூஞ்சி மாதிரி நம்மளப் பாத்துகினு இருந்திச்சு. நடுவுல பொட்டு வெச்சேன். அப்பால, ஓட்டைய அடைச்சிடப் போவுதுன்னு துணியால தொடச்சிக்கூட உட்டேன் சாரு."

துடைத்த துணிதான் சந்தனத்தைத் துளைக்குள் அழுத்தியிருந்தது.

"ஏன் இதுக்கு மட்டும்?" என்றார் ஜானகிராமன்.

"மேடத்துக்குன்னு கீற கன்னாச்சே. மேடம் ஸ்டேட்டுக்குப் போவட்டும்னு ஒரு வேண்டுதல்."

லோகநாயகிக்குச் சிரிப்பு வந்தது. அவள்மேல் தீட்டு ஒட்டியிருக்கிறது என்று மூன்று வாரமாக ஊர் பேசியது. ஒட்டியிருந்ததோ அவளுக்காக ஒருவர் ஆசையோடு வைத்த பொட்டு. இந்த நாட்டில் புனிதம் செய்கிற கேட்டுக்கெல்லாம் தீட்டுத்தான் பழி சுமக்கிறது.

"நல்ல மனசோடதான் வெச்சீங்க உப்பிலி" என்றாள். "ஆனா கன்னுக்கு நெத்தி கிடையாது. அது கண்ணு."

பல்குத்தும் குச்சியை நனைத்துச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தாள். மெல்லிய துணியால் ஒற்றினாள். மறுபடி வெளிச்சத்தில் பிடித்தாள். முழு வட்டம். பொருத்தினாள். ஜானகிராமன் தானே மறுபடி படுத்து ஐந்து குண்டு சுட்டார். நாலு பத்து, ஒரு ஒன்பது. எழுந்து, பாயை அவள் பக்கம் தட்டிப் போட்டார்.

"படுங்க மேடம்."

ஒரு மணி நேரம், அறுபது குண்டு. பத்துக் குண்டுக்கு ஓர் அட்டை. படுத்துத் துளைக்குள் பார்த்தவுடனே மங்கல் போய், கறுப்பு வட்டம் கழுவிவிட்டாற்போலத் தெரிந்தது. அதைப் பார்த்ததுமே அவள் தோள்கள் தாமாக இறங்கின. முதல் அட்டை தொண்ணூற்றொன்று. இரண்டாவது தொண்ணூற்று மூன்று. அதன்பிறகு அவள் எண்ணவில்லை. நடுவே தூறல் வலுத்தது, காற்று ஒருமுறை குவாரிக்குள் சுழன்றது, அது அடங்கும்வரை விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். கடைசிக் குண்டு போனதும் ரைஃபிளை இறக்கி வைத்து, நெற்றியைப் பாயில் பதித்து அப்படியே கிடந்தாள். வயிற்றிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வெளியே போனது. மூன்று வாரமாக உள்ளே அடைபட்டிருந்த மூச்சு.

கடைசி அட்டையை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உப்பிலி ஓடிவந்தார். அதற்குள் அவரே கூட்டிப் பார்த்திருந்தார். "ஐந்நூத்தி அம்பத்திரெண்டு! மேடம், பொரட்டாசில எடுத்ததவிட ஒண்ணு சாஸ்தி!"

அந்த இரண்டு பெண்களும் கைதட்டினார்கள். லட்சுமணன்கூடத் தட்டினார், சற்றுத் தாமதமாக. ஜானகிராமன் கரும்பலகைக்குப் போனார். 501-ஐ அழிக்கத் துணியைத் தேடவில்லை, உள்ளங்கையாலேயே அழித்தார். பிறகு சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார்.

"மாநிலப் போட்டி மார்கழி மொத வாரம். மூணு நாள் நடக்கும். அந்தத் தேதி உங்களுக்கு… ஒத்துவருமா மேடம்?"

என்ன கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது.

"இன்னைக்கே எனக்கு ரெண்டாம் நாள்தான் சார்" என்றாள் லோகநாயகி. "மார்கழியில வந்தா வரட்டும். நானும் வருவேன்."

சுண்ணக்கட்டி பலகையில் தொட்டபடி ஒரு கணம் நின்றது. பிறகு அவர் 552 என்று எழுதினார். பெரிதாக, தூரத்திலிருந்து படிக்கும்படி எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பி, "உப்பிலி, இனிமே சந்தனம் பெட்டி மேல மட்டும் வெச்சாப் போதும்" என்றார். கொஞ்சம் யோசித்து, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே, "யாரும் தள்ளி நிக்கவும் வேணாம்" என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவளுக்குத் திருக்கழுக்குன்றம் வந்ததும் பசி தாங்கவில்லை. மூன்று வாரத்துப் பசி. சாலையோரக் கடையில் நின்று, நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு உட்கார்ந்தாள். நாலு இட்லி சாப்பிட்டாள். ஒரு வடை சாப்பிட்டாள். இலையை மடிக்கப் போனவள் நிறுத்தி, "இன்னொரு வடை குடுங்க" என்றாள்.